கணக்கு சார் உப்புப் பார்த்த கஞ்சி

எங்கள் கணக்கு சார் தெருவுக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்தால், நாங்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிவிடுவோம். பள்ளிக்கூடம் விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு, மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு அவர் மெதுவாக நடந்து வருவார். ஏதாவது ஒரு வீட்டின் கொல்லைச் சுவரோரம் சட்டென்று நின்றுவிடுவார். கண்ணை மூடி, தலையைச் சற்றே தூக்கி, வெகுநேரம் அப்படியே நிற்பார். எந்த வீட்டுப் பிள்ளை படிக்கிறது, எது விளையாடுகிறது என்று காதுகொடுத்துக் கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருடைய தீர்மானமும். எங்கள் வீட்டுச் சுவரோரம் அவர் அதிக நேரம் நின்றதால், தெருவிலேயே அதிகம் வாய்ப்பாடு சொன்னவள் நானாகத்தான் இருப்பேன்.

நயாபைசா வந்த புதிது அது. இராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் கடலைப் பார்த்ததும் இறங்க வேண்டிய ஊர் எங்களுடையது. ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். என் வாப்பாவும், அவருடைய தம்பியான சாச்சாவும் அங்கேதான். மிச்சமிருந்த ஆண்கள் அணாவை நயாபைசாவாக மாற்றத் தெரியாமல் கணக்கு சாரிடம் போய் நின்றார்கள். அதனால் ஊரில் அவருக்கு நல்ல மரியாதை. அவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். நெற்றி நிறைய விபூதி. சுத்த சைவம் என்றால் சாதாரண சைவம் இல்லை. புத்தகத்துக் கணக்கில் முட்டை என்று இருந்தால், அதை எலுமிச்சம்பழம் என்று மாற்றித்தான் கரும்பலகையில் எழுதுவார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பிரம்பு மேசை மேல் இருந்தது. முந்தின நாள் நான் பதினாறாம் வாய்ப்பாட்டில் பாதியை விழுங்கியிருந்தேன். அது சுவரைத் தாண்டிக் கேட்டுவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு போனேன். சார் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்துச் சாயங்காலம் உங்க வீட்ல நெய்யில ஒரு இலை போட்டாங்களே, அது என்ன இலை?"

எனக்கு நீட்டிய கையை மடக்கவும் தோன்றவில்லை. கணக்கு சார் எங்கள் தெருவில் நின்றது வாய்ப்பாட்டுக்காக இல்லை, தாளிப்புக்காக என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வீணாகத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் போய்ச் சாச்சியிடம் சொன்னேன். சாச்சா மனைவியான அவள்தான் எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும். கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த மனுசனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று முதலில் கோபித்தாள். பிறகு, வாசனை தெருவரைக்குமா போச்சு என்று கேட்டாள். மறுநாள் காலையில் கொல்லையில் இருந்த ரம்பைச் செடியில் ஒரு கன்றை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தனுப்பினாள். சார் அதைக் கிணற்றடியில் நட்டு, நாங்கள் யாரும் மிதித்துவிடாமல் சுற்றிக் கல் அடுக்கினார்.

அன்று தொடங்கிய போக்குவரத்து அது. சார் கேட்பார், நான் சாச்சியிடம் சொல்வேன்; சாச்சி சொல்வாள், நான் சாரிடம் ஒப்பிப்பேன். தேங்காய்ப்பால் ஏன் திரிந்துபோகிறது, வெந்தயத்தை எப்போது போடுவது, நெய்ச்சோற்றுக்கு அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது. கறியும் மீனும் இல்லாத எதைப் பற்றியும் அவர் கேட்பார். சாச்சியும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பக்கத்துப் பருப்புப் பொடியில் அப்படி என்னதான் சேர்க்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னாள். எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கமே கிடையாது. குறை இருந்தால் மட்டும் வாய் திறப்பார்கள். வருசக்கணக்காக அந்த அடுப்படியில் வெந்த சாச்சிக்கு, சார் கேட்ட கேள்விகள்தான் முதல் பாராட்டாக இருந்திருக்கும். சாச்சி ஜன்னல் இடுக்கு வழியாக அவரைப் பார்த்திருக்கலாம். சார் சாச்சியைப் பார்த்ததே இல்லை.

சாருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் ஒரு மடம். ஆடி மாதம் அங்கே குருபூசை நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்து சாப்பிடும். அந்தச் சமையல் சாருடைய குடும்பத்து உரிமை. வருசம் முழுவதும் பின்னமும் தசமமும் போட்ட மனிதர், ஆடி பிறந்தால் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய், கோட்டையடுப்பின் முன்னால் நின்றுவிடுவார். அதற்கென்றே நீளக் காம்பு வைத்த பித்தளைக் கரண்டி ஒன்று அவர் அறைச் சுவரில் தொங்கியது. அதைத் தொடுவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை. வகுப்பில் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் குருபூசைச் சாம்பாரைப் பற்றி என்னிடம் சொல்லும்போது முகமே வேறாக இருக்கும்.

ஒருமுறை அவர் புளிக்குழம்பில் உப்பைக் கொட்டிவிட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டே சமைத்ததன் பலன். என்ன செய்வது என்று கேட்டுவரச் சொன்னார். பச்சரிசி மாவை உருண்டை பிடித்துப் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிட வேண்டும், பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும் என்று சாச்சி சொல்லியனுப்பினாள். குழம்பு பிழைத்துக்கொண்டது என்று மறுநாள் தகவல் வந்தது. சாச்சி அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தாள்.

அதற்கடுத்த மாதம் நோன்பு வந்தது.

எங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் கஞ்சியை நாளுக்கு ஒரு வீடாக முறை வைத்துக் காய்ச்சுவார்கள். எங்கள் முறைக்குப் பொறுப்பு, வாப்பாவின் அண்ணனான பெரியவாப்பா. அவர் மிளகாய் வியாபாரி. கை பெரியது, வாயும் பெரியது. போன வருசம் அடுத்த தெருக்காரர் ஒருவர் வீட்டுக் கஞ்சியில் உப்பே இல்லை என்று பள்ளிவாசலில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பெரியவாப்பா சொல்லியிருந்தார். அந்த மனிதர் ஒரு வருசமாக எங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று எங்கள் கொல்லையில் பெரிய செம்புத் தேக்சாவில் கஞ்சி கொதித்தது. சமைத்தவர் ஊருக்கே மூத்த பண்டாரி. அவருக்கும் கணக்கு சாருக்கும் அடுப்படிச் சிநேகம். சமையல் நடக்கும் இடத்தில் சார் வந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பது ஊருக்குப் பழகிவிட்டிருந்தது. அன்றும் குடையோடு தென்னை மரத்தடியில் நின்றார். பண்டாரி எப்போதும் உப்பைப் பாதி முதலில் போடுவார், மீதியைத் தேங்காய்ப்பால் சேர்க்கும்போது போடுவார். பாதியைப் போட்டுவிட்டு அசர் தொழுகைக்குப் போனார். தொழுதுவிட்டு முன்னாலேயே வந்த பெரியவாப்பா, பண்டாரி உப்பை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று தானாக முடிவுகட்டி, உப்புச் சட்டியில் கைவிட்டு அள்ளிப் போட்டுவிட்டார். எவ்வளவு போட்டார் என்று பண்டாரி திரும்பி வந்து கேட்டபோது, கையை விரித்துக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்து யாரும் எதுவும் கணக்குச் சொல்ல முடியாது.

சரியாகவும் இருக்கலாம், வாயில் வைக்க முடியாமலும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல ஆளில்லை. அத்தனை பேரும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று ஆலிம்சா சொல்லியிருக்கிறார் என்று பெரியவாப்பா எடுத்துச் சொன்னார். இத்தனை காலம் அப்படிச் செய்ததில்லை, சாகப்போகிற வயசில் செய்ய மாட்டேன் என்று பண்டாரி சொல்லிவிட்டார். அப்படியானால் நீங்களே பாருங்களேன் என்றும் சொன்னார். பெரியவாப்பா தாடியைத் தடவிக்கொண்டார்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். எங்களுக்குத்தான் நோன்பு இல்லையே. ஆளுக்கொரு சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பெரியவாப்பாவின் பேரன் ஒருவன், இன்னும் கொஞ்சம் குடித்தால்தான் தெரியும் என்றான். இன்னொருவன் சீனி போட்டால் நன்றாக இருக்கும் என்றான். என் சிரட்டை கையைச் சுட்டது, ஊதிக்கொண்டு நின்றேன். பெரியவாப்பா சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை தென்னை மரத்தடிக்குப் போய், விபூதி மேல் பட்டு, திரும்பிவிட்டது. எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள். கஞ்சிக்குள் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அந்த மனிதரிடம் எந்த வாயால் கேட்பது?

அப்போது சாச்சி கொல்லைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, ஆற்றித் தருகிறேன் கொண்டுவா என்று என்னைக் கூப்பிட்டாள். சாமான் அறை இருட்டாக இருந்தது. சிரட்டையை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். திரும்பிக் கொடுத்தபோது அதில் பாதி இல்லை. எங்கே என்று கேட்டேன். சிந்திவிட்டது என்றாள். தரையில் ஈரம் எதுவும் இல்லை. நான் அழுவதற்குத் தயாரானபோது என் தோளைப் பிடித்துக் குனிந்தாள்.

"சாருகிட்டப் போய், அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லு. புளிக்கொழம்புக்கு என்ன செஞ்சாரோ, அதையே இதுக்கும் செய்யச் சொல்லு. யாரு சொன்னான்னு யாரும் கேட்டா, ஒண்ணும் சொல்லாதே புள்ள."

போய்ச் சொன்னேன். சார் மூடிய கதவை ஒரு கணம் பார்த்தார். குடையை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பை நோக்கி நடந்தார்.

"பாய், கரண்டியைக் குடுங்க. நான் பாக்குறேன்."

"சார், கறி கெடக்கு" என்றார் பண்டாரி.

"தெரியும். குடுங்க."

சார் கரண்டியில் கொஞ்சம் மொண்டு, கூச்சப்படுகிறவர் போலத் தென்னை மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். மரத்துக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றேன். கரண்டி உதட்டில் பட்டது, உதடு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கரண்டியை மணலில் கவிழ்த்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"உப்புக் கூடிப்போச்சு. பச்சரிசி மாவு இருக்கா?"

அவர் கேட்டு முடிக்கும் முன்பே கொல்லைக் கதவிடுக்கில் ஒரு தாம்பாளம் நீண்டது. அதில் மாவு உருண்டை பிடித்தே இருந்தது. பண்டாரி அதை வாங்கிக்கொண்டு கதவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், உருண்டைகளைத் தேக்சாவில் போட்டார். தேங்காய்ப்பாலையும் சார் சொன்னபடியே ஊற்றினார்கள். அன்று பள்ளிவாசலில் அந்த அடுத்த தெருக்காரர் இரண்டாம் முறை கோப்பையை நீட்டினாராம். பெரியவாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டு மானத்தைக் காப்பாற்ற, கறி தொடாத மனுசன் கஞ்சியை வாயில் வைத்தாரே என்று மாய்ந்து மாய்ந்து போனார்.

எனக்கு மட்டும் குழப்பம். சார்தான் குடிக்கவே இல்லையே. குடிக்காமல் குடித்ததாக ஒருவர் நடிப்பது எதற்கு? உம்மாவிடம் கேட்கப் போனேன். சாச்சி என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், வாயில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தாள்.

பெரியவாப்பாவுக்கு நன்றியை உள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியாது. மிளகாய் எடுக்க முதுகுளத்தூர்ச் சந்தைக்குப் போனவர், உங்கள் பக்கத்து மனிதர் எவ்வளவு பெரிய மனசுக்காரர் தெரியுமா என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரமே சாருடைய அண்ணன் பஸ் ஏறி வந்துவிட்டார்.

நான் வகுப்பில் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, கிணற்றடியில் இருவரும் நின்றார்கள். அண்ணனும் அதே விபூதி, அதே உயரம். சண்டை போட வந்தவர் போலத் தெரியவில்லை. இரண்டு கையாலும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல என்னென்னமோ பேசுறாங்ய. எனக்கு அதெல்லாம் வேண்டாம்லே. நீ வாயில வச்சியா, வைக்கலியா? அதை மட்டும் சொல்லு. வைக்கலன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நான் ஊரையே எதுத்து நின்னுக்கிருவேன்."

இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நான் நிம்மதியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். சார் ரம்பைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வச்சேண்ணே" என்றார்.

அண்ணன் கையை விட்டுவிட்டார். இனிமேல் மடத்து அடுப்புப் பக்கம் வராதே என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோயிற்று. சார் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதை வாங்காமலே அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சார் அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

பொய் சொன்னதற்காக எங்களைப் பிரம்பால் அடித்த மனிதர் அவர். நான் வீட்டுக்கு ஓடினேன். சார் பொய் சொல்லிவிட்டார், அதுவும் தனக்கே கெடுதலாகச் சொல்லிவிட்டார், நான் போய் அவருடைய அண்ணனிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று சாச்சியிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். சாச்சி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"அவர் வாயாலயே அப்படிச் சொன்னாரா?"

ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெங்காயத்துக்கு அழுகிற அழுகையாக அது இல்லை. இந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். பெரியவர்கள் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றுகிறார்கள் என்று மட்டும் புரிந்தது. எனக்குச் சார் மேல் கோபமும், அவரை நினைத்தால் பாவமும், இரண்டும் கலந்து வந்தன.

அந்த ஆடியில் சார் லீவு எழுதிக்கொடுக்கவில்லை. குருபூசை நாளன்று எங்களுக்குத் தசமம் நடத்தினார். நடுவில் ஒருமுறை, இந்நேரம் பருப்பு வெந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பித்தளைக் கரண்டி சுவரிலேயே கறுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நோன்பில் பெரியவாப்பா தானே போய் அவரை அழைத்துவந்தார். எங்கள் முறைக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது இனிமேல் சார்தான் என்று அறிவித்துவிட்டார். சார் அந்தக் கரண்டியைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். கறி போடுவதற்கு முன்பே ஒரு சின்னச் சட்டியில் சாருக்கென்று கஞ்சி எடுத்துத் தனியாக மூடிவைத்தது சாச்சி. வருசா வருசம் அதே முறை. நான் சிரட்டையை உள்ளே கொண்டுபோவேன். சாச்சியோ, உம்மாவோ, பெரியம்மாவோ, யாராவது ஒருத்தி அதைக் குறைத்துத் தருவாள். ஒரு சேதி சொல்லுவாள். சார் கரண்டியை எடுப்பார். நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

பிறகு நான் பெரியவளாகி, தெருவுக்கு வருவது நின்றுபோயிற்று. அதன்பின் வந்த முதல் நோன்பில், எங்கள் முறை நாளன்று நான் சாமான் அறையில் பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு இல்லை. அது மார்க்கமே தந்த விலக்கு. ஆனால் யாருக்கு அந்த விலக்கு என்பது வீட்டு ஆண்களுக்குத் தெரியக் கூடாது என்பது எங்கள் தெருவின் சட்டம். நோன்பு இருப்பவளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். தண்ணீர்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான். அந்த வெட்கத்தில் நான் சுருண்டுபோயிருந்தேன்.

சாச்சி வந்து கதவைச் சாத்தினாள். கையில் சிரட்டை.

"இன்னைக்கு நீதான் பாக்கணும். உப்பு சரியா இருக்கா?"

வாங்கிக் குடித்தேன். பாதிச் சிரட்டை குடிக்கும்போதே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு இதே இருட்டில் எனக்கு முதுகைக் காட்டி நின்றவளும், கிணற்றடியில் செடியைப் பார்த்து நின்றவரும் ஒன்றாகக் கண்முன் வந்தார்கள். வைக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால், அப்படியானால் வைத்துப் பார்த்தது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

அப்போது கைப்பிள்ளையாக இருந்த என் தம்பி இப்போது ஓடியாடும் பிள்ளை. சாச்சி அவனைக் கூப்பிட்டு, புளிக்குழம்பு என்று காதில் சொல்லியனுப்பினாள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். சாருக்கு முடி நரைத்துவிட்டிருந்தது. குனிந்து கேட்டார். கரண்டியில் மொண்டுகொண்டு தென்னை மரத்துப் பக்கம் திரும்பினார். தம்பி அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

மறு நிமிசம் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

"லாத்தா, சார் குடிக்கவே இல்ல. வாயைத் தொறக்கவே இல்ல. குடிச்சேன்னு சும்மா சொல்றாரு."

இருட்டுக்குள் மாவு உருட்டிக்கொண்டிருந்த சாச்சி தலை நிமிரவில்லை. நான் அவன் வாயைப் பொத்தினேன். தாம்பாளத்தை அவன் கையில் கொடுத்து, சிந்தாமல் கொண்டுபோகச் சொன்னேன். கணக்கு சார் பொய் சொல்கிறவர் என்ற முடிவோடு அவன் கொல்லைக்குப் போனான்.